பதினைந்தாம் படி

குரு என்றால் நரைத்த தாடி, சீடர் என்றால் அரும்பு மீசை என்று பழகியவர்களுக்கு இந்தக் கதையில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். இதில் குருவுக்கு இருபத்தொன்பது வயது, பெயர் ஜெனிட்டா. சீடருக்கு அறுபத்தொன்று, பெயர் இசக்கியப்பன்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் 'கைத்துணை' என்று ஓர் அமைப்பு இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் வேலை. நாலு நர்சுகள், ஒரு டாக்டர், இருமிக்கொண்டே ஓடும் ஒரு வேன், நூற்று அறுபத்து மூன்று நோயாளிகள். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக யார் போய்ப் பார்த்தது என்பதெல்லாம் ஓர் இணையதளத்தில் இருக்கும். நர்சுகள் வாசலில் நின்று போனைத் திறந்து, நோயாளியின் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அந்தத் தளத்தைக் கட்டியவள் ஜெனிட்டா. அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை. வியாழக்கிழமை மட்டும் வருவாள். மற்ற நாட்களில் தளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. தாலுகா ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்ற இசக்கியப்பன், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் தனக்கு வருமா என்று பயந்துகொண்டே கேட்டார். டைப்ரைட்டிங் தெரியுமா என்று அவள் கேட்டாள். ஹையர் பாஸ் என்றார். அப்படியானால் வரும் என்று சொல்லிவிட்டாள்.

தன் மகளைவிடச் சின்னவளை அவர் முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட்டார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்றாள். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

தளம் ஜாங்கோ என்ற மென்பொருள் சட்டகத்தில் கட்டியது. அதைக் கட்டி மேய்க்கக் கூடவே ஒரு கருவி உண்டு. பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை, அதில் ஒரு வரி தட்டினால் வேலை நடக்கும். புது நர்சு வந்தால் ஒரு வரி. யாராவது கடவுச்சொல்லை மறந்தால் ஒரு வரி. ராமலெட்சுமி என்ற நர்சு வாரம் ஒருமுறை மறப்பாள். எல்லாத் தகவலையும் நகல் எடுத்து வைக்க இன்னொரு வரி.

இசக்கியப்பனுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. கேட்டதைச் செய்தது, செய்ததைச் சொன்னது, டீ குடிக்கப் போகவில்லை. ஆபீசில் இப்படி ஓர் ஆள் கூட இருந்திருந்தால் தனக்கு ரத்த அழுத்தமே வந்திருக்காது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கருவிக்கு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. தளத்தில் ஜெனிட்டா எதை மாற்றினாலும் அது எண் போட்ட படிகளாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. 'மைக்ரேட்' என்று தட்டினால் பாக்கி இருக்கும் படிகளைக் கருவி வரிசையாகச் செய்யும். செய்த படிக்கு நேராக ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொள்ளும். குறி இருந்தால் அந்தப் பக்கம் மறுபடி திரும்பிப் பார்க்காது.

ஆவணி மாதத்தில் டாக்டர் ஒரு மாற்றம் கேட்டார். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது அதுவரை பழைய குறிப்புகளுக்கு நடுவில் எங்கேயோ புதைந்து கிடந்தது. அதைப் பக்கத்தின் மேலேயே தனியாகக் காட்ட வேண்டும் என்றார்.

ஜெனிட்டா இரண்டு படிகள் எழுதி அனுப்பினாள். பதினாலாம் படி, ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் 'ஒவ்வாமை' என்று புதிதாக ஓர் இடம் திறக்கும். பதினைந்தாம் படி, பழைய குறிப்புகளைத் தேடிப் படித்து, மருந்தின் பெயரை எடுத்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும். புதன்கிழமை இரண்டையும் ஓட்டிவிடுங்கள் என்று போனில் சொன்னாள்.

பதினாலு சிரமமில்லாமல் போனது. பதினைந்து பாதியில் நின்றது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஏழெட்டு வரியைக் கொட்டிவிட்டு, அதுவரை செய்ததையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

இசக்கியப்பன் மறுபடி தட்டினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. ஜெனிட்டாவைக் கூப்பிட நினைத்தார். அது அவளுடைய கம்பெனியில் கூட்டம் நடக்கும் நேரம். வேலை முடியும் வரை தளம் மூடியிருந்தது. ரோட்டில் நின்று ராமலெட்சுமி போன் மேல் போன் போட்டாள். நாலு மாதம் படித்தும் இது தெரியவில்லையா என்று அவருக்கே தன் மேல் எரிச்சல் வந்தது.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் முன்னால் ஒன்பதாம் படி இதே மாதிரி நின்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா 'மைக்ரேட்' என்பதற்குப் பின்னால் 'ஃபேக்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். கருவி வாய் திறக்காமல் போய்விட்டது.

அவரும் சேர்த்தார். உடனே 'ஓகே' என்று வந்தது. நோட்டில் 'படி 15 முடிந்தது' என்று எழுதி, தளத்தைத் திறந்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளை முடித்தவர். அவருடைய ஆபீசில் ஒரு கோப்பு முடிந்தது என்றால் அதிலுள்ள வேலை நடந்தது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கோப்பு மேசையை விட்டுப் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வார்த்தை செய்வது இதுதான்: படியில் சொன்ன வேலையைக் கருவி தொடாது. செய்ததாகக் குறி மட்டும் போட்டுக்கொள்ளும். எனவே நூற்று அறுபத்து மூன்று பக்கங்களிலும் புதிதாகத் திறந்த இடம் காலியாகவே இருந்தது. காலியாக இருந்தால் நர்சின் போனில் 'ஒவ்வாமை: இல்லை' என்று தெரியும்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, ராமலெட்சுமி சொரிமுத்துவின் வீட்டுக்குப் போனாள்.

சொரிமுத்து பஸ் டிரைவராக இருந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. அன்று அவருக்குக் காய்ச்சல். மனைவி பகவதி குழாயடியில் இருந்தாள். ராமலெட்சுமி டாக்டருக்குப் போன் போட்டாள். ஒவ்வாமை ஏதும் உண்டா என்று அவர் கேட்டார். போனைப் பார்த்து, இல்லை என்று இருப்பதாகச் சொன்னாள். ஊசி போடச் சொன்னார். சொரிமுத்து கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிப் போட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் அவர் முகம் வீங்கியது. மூச்சு இழுத்தது. ராமலெட்சுமி பையில் இருந்த மாற்று ஊசியைப் போட்டு, வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நல்லவேளை, உயிர் தங்கியது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பழி ராமலெட்சுமியின் தலையில் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக நர்சு வேலை பார்ப்பவள். தான் பார்த்தபோது 'இல்லை' என்றுதான் இருந்தது என்று அவள் சொன்னாள். இத்தனை வருஷம் இல்லாத தவறு தளத்தில் எப்படி வரும், வேறு யாருடைய பக்கத்தையோ பார்த்திருப்பாய் என்றார்கள். சொரிமுத்துவின் பக்கத்தைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாளில் அவளே அப்படித்தான் இருக்குமோ என்று நம்பத் தொடங்கினாள். விசாரித்து முடிக்கும்வரை வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பின் அறையில் உட்கார்ந்து, புண்ணுக்குக் கட்டும் காஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இசக்கியப்பனுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. சொரிமுத்துவின் பக்கத்தைத் திறந்தார். 'இல்லை' என்று இருந்தது. அடுத்தவர் பக்கத்தைத் திறந்தார், அதற்கடுத்தவர் பக்கத்தைத் திறந்தார். பத்துப் பக்கத்திலும் அதேதான். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார்.

சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை. பின் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை ஜெனிட்டா வந்தாள். அவள் முன்னால் காபியை வைத்துவிட்டு, பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்த 'ஃபேக்'னு ஒரு வார்த்தை இருக்குல்லா. செய்யாததைச் செஞ்சதாக் குறிச்சுக்கிடுமே."

"ஆமா."

"பொய் சொல்லுததுக்குன்னே ஒரு வார்த்தையை எதுக்கு டீச்சர் வச்சிருக்கான்?"

ஜெனிட்டா காபியைக் குடித்து முடித்தாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, படிகளைக் காட்டச் சொல்லுங்கள் என்றாள். தட்டினார். பதினைந்து வரிகள் வந்தன. பதினைந்திலும் பெருக்கல் குறி இருந்தது.

"பதினஞ்சு செஞ்சிருக்கா அண்ணாச்சி?"

"குறி இருக்கு டீச்சர்."

"குறி இருக்கு. செஞ்சிருக்கா?"

இசக்கியப்பனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வார்த்தையை ஒங்க முன்னாடி போட்டது நாந்தான்," என்றாள் அவள். "ஏன் போட்டேன்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல."

பிறகு இரண்டு வேலைகள் செய்தாள். முதலில், ஒரு பக்கம் விடாமல் 'இல்லை' என்று தெரிந்த இடத்திலெல்லாம் 'தெரியாது, வீட்டில் கேட்கவும்' என்று சிவப்பில் தெரியும்படி மாற்றினாள். அடுத்து, பதினைந்தாம் படிக்கு நேரே இருந்த குறியை அவரையே எடுக்க வைத்தாள். அந்தக் கட்டம் காலியானது.

இப்போது ஓட்டுங்கள் என்றாள். ஓட்டினார். கருவி அன்று நின்ற அதே இடத்தில் நின்று, அதே ஏழெட்டு வரியைக் கொட்டியது. இசக்கியப்பன் பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

"படிங்க."

"என்னென்னமோ வருது டீச்சர்."

"கடைசி வரியை மட்டும் படிங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மேலே ஓடியதெல்லாம் கருவியின் சொந்தப் புலம்பல். கடைசி வரி மட்டும் தமிழில் இருந்தது. அது ஜெனிட்டா எழுதி வைத்தது. 'நோயாளி எண் 87. குறிப்பில் உள்ளது: மனைவியிடம் கேட்கவும். இது மருந்தின் பெயர் அல்ல.'

எண்பத்தேழு சொரிமுத்து. எப்போதோ வந்த ஒரு நர்சு, மருந்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். பெயர் புரியாவிட்டால் ஊகிக்காமல் நின்றுவிட வேண்டும் என்றுதான் ஜெனிட்டா அந்தப் படியை எழுதியிருந்தாள். அது நின்றது. மூன்று முறை நின்று, மூன்று முறையும் சொல்லியிருக்கிறது.

இசக்கியப்பன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, பகவதிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாமா, அல்லது டீச்சரே ஒரு வார்த்தை பேசிவிட முடியுமா என்று மெல்ல இழுத்தார்.

"அந்த வரி ஒங்ககிட்டதான் கேட்டுச்சு, அண்ணாச்சி," என்றாள் ஜெனிட்டா.

அவர் எழுந்து முதலில் பின் அறைக்குப் போனார். ராமலெட்சுமி காஜ் சுருட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். உட்காரத் தைரியம் வரவில்லை. அவள் கையில் இருந்த சுருளை முடித்து டப்பாவில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நேத்து கண் ஆஸ்பத்திரிக்குப் போயி சீட்டு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். இசக்கியப்பனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

டாக்டரிடம் மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். டாக்டர் சத்தம் போட்டார், போட வேண்டியதுதான். நாளையிலிருந்து வீடுகளுக்குப் போகலாம் என்று ராமலெட்சுமியிடம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். இசக்கியப்பனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கமிட்டி கூடி முடிவு செய்யும் என்றார். அந்தப் படி இன்னும் முடியவில்லை, அது முடியும் வரை அண்ணாச்சி இருக்கட்டும் என்றாள் ஜெனிட்டா.

மறுநாள் இசக்கியப்பன் சொரிமுத்துவின் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று ராமலெட்சுமி கூட வந்தாள். வேனை விட்டு இறங்கியதும், ஏழு கிலோ எடையுள்ள மருந்துப் பையை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

சொரிமுத்து தலையணையில் சாய்ந்திருந்தார். வீக்கம் வடிந்திருந்தது. இசக்கியப்பன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தான் யார், என்ன செய்தேன் என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். கம்ப்யூட்டர் மேல் ஒரு வார்த்தை பழி போடவில்லை.

பகவதி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவுக கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்காக. ஒங்களுக்குப் போன்ல இருந்ததுதான் தெரிஞ்சுது. மனுசன் கை தெரியல."

ராமலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றார் இசக்கியப்பன். வேறு என்ன சொல்வது?

பகவதி உள்ளே போய், ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைக் கொண்டுவந்து பழைய சீட்டுகளைத் தரையில் பரப்பினாள். ஒத்துக்கொள்ளாதது ஒன்றல்ல, இரண்டு மருந்து. இரண்டின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, சரியா என்று சொரிமுத்துவிடம் காட்டினார். சொரிமுத்து படித்துப் பார்த்துத் தலையசைத்தார். கிளம்பும்போது பகவதி, இன்னும் எத்தனை வீட்டில் இந்த லட்சணத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களோ என்றாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு நோயாளி இருந்தார். அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று பழைய குறிப்பில் தெளிவாகவே இருந்தது. இருந்தாலும் உள்ளே போய்க் கேட்டார். அது பழைய கதை, போன வருஷம் இன்னொரு மாத்திரைக்கும் உடம்பெல்லாம் தடித்துப்போனது என்றார்கள் வீட்டில்.

சாயங்காலம் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டார். எண்பத்தேழாம் குறிப்பைத் திருத்தியாயிற்றா என்று அவள் கேட்டாள். இனி ஓட்டினால் நிற்காது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றாள்.

"ஓட்ட வேண்டாம் டீச்சர். பழைய குறிப்பை நம்ப முடியாது. நானே போயிக் கேட்டு எழுதுதேன்."

"நூத்தறுபத்து மூணு வீடு அண்ணாச்சி."

"தெரியும் டீச்சர்."

சரி என்றாள் அவள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து கறுப்புத் திரையைத் திறப்பார். 'ஒரு படி பாக்கி இருக்கிறது' என்று கருவி சொல்லும். அதைப் படித்துவிட்டு வேனில் ஏறுவார். வேன் நுழையாத தெருக்களில் ராமலெட்சுமியின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வயல் வரப்பில் நடந்தார். ஐப்பசி மழையில் ஓடை நிறைந்தபோது சுற்றுப்பாதையில் மூன்று மைல் நடந்தார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் அப்பளம் இட்டுக்கொண்டே வீட்டுக்கார அம்மா கணவனுக்கு ஆகாத மருந்துகளை ஒப்பித்தாள். கை ஒரு நொடி நிற்கவில்லை. ஆள் துணையில்லாத ஒரு கிழவருக்கு எதுவுமே நினைவில்லை. கிழவர் முன்பு வாடிக்கையாகப் போன மருந்துக்கடைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதினார். பேச முடியாதவர்கள் இருந்தால் அவர்கள் கையைப் பார்த்தார்.

இருபது நாள் போனபின் ராமலெட்சுமி பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது உங்களுக்கு, பார்க்கச் சகிக்கவில்லை என்றாள். அவருக்கு அன்று மத்தியானம் சோறு வயிறாரப் போனது.

ஐம்பத்தாறு நாள் ஆனது. நடுவில் இரண்டு நோயாளிகள் காலமாகிவிட்டார்கள். மீதி நூற்று அறுபத்தொரு வீடு. அதில் நாற்பத்தொரு வீட்டில் பழைய குறிப்பு சொன்னது ஒன்று, வீட்டார் சொன்னது வேறு. எல்லாவற்றையும் தன் கையாலேயே தளத்தில் ஏற்றினார். டாக்டர் சொன்ன கமிட்டிக் கூட்டம் என்னவோ கூடவே இல்லை. யாரும் அதை நினைவூட்டவும் இல்லை.

கடைசி வீட்டை முடித்துவிட்டு வந்த அன்று வியாழக்கிழமை. ஜெனிட்டா இருந்தாள். அவர் கடைசிப் பெயரை ஏற்றிவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து படிகளைப் பார்த்தார். பதினாலுக்குக் குறி இருந்தது. பதினைந்து காலியாக இருந்தது. இனி அங்கேயும் குறி விழட்டும் என்ற ஆசையில் 'மைக்ரேட்' என்று தட்டினார்.

"எண்டர் அழுத்தாதீங்க அண்ணாச்சி," என்றாள் ஜெனிட்டா. "இப்ப ஓட்டினா பதினஞ்சு என்ன செய்யும்?"

யோசித்தார். பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்கும். அதிலிருக்கும் பெயரை எடுக்கும். கொண்டுவந்து ஒவ்வொரு பக்கத்திலும் வைக்கும்.

"ஐயய்யோ, நான் எழுதினது மேலேயே கொண்டாந்து வச்சிரும்." விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் இந்தக் கட்டம் காலியாகவே கிடக்கட்டும் என்றார். நாளைக்கு உங்கள் இடத்தில் இன்னொருவர் வந்து, பாக்கி இருக்கிறதே என்று ஓட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். ஓட்டவும் கூடாது, காலியாக விடவும் கூடாது. பின்னே என்னதான் செய்வது என்று அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாக அவருக்குப் புரிந்தது.

"அந்த வார்த்தையா டீச்சர்?"

"ஆமா."

இசக்கியப்பன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அதை இனிமே என் கையால தட்ட மாட்டேன் டீச்சர். ஒரு உசிரைக் கொல்லப் பாத்த வார்த்தை அது. அதை எதுக்குத்தான் வச்சானோ."

ஜெனிட்டா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நடந்து போயி முடிச்சிட்டு வாரவங்களுக்காக வச்சது, அண்ணாச்சி. தட்டுங்க."